கப்பிக் குட்டிகள் தங்க வேண்டுமா? முதலில் சம்பைப் பாருங்கள்

கப்பி மீன் வளர்க்க ஆரம்பிக்கிறவர்கள் எல்லோருக்கும் முதல் கவலை ஒன்றுதான்: தாய் மீன் குட்டிகளைத் தின்றுவிடுமே, எப்படிக் காப்பாற்றுவது? தின்னும், உண்மைதான். ஆனால் சென்னை வீடுகளில் நாங்கள் பார்த்தவரை, தாயின் வாய்க்குப் போகிற குட்டிகளைவிடத் தண்ணீருக்குப் போகிற குட்டிகள்தான் அதிகம். தாயிடமிருந்து பத்திரமாகப் பிரித்தெடுத்த 30 குட்டிகள் நான்காம் நாள் 20 ஆகும், பத்தாம் நாள் எண்ணினால் 6 இருக்கும். தொட்டியோ பளிச்சென்று தெளிவாக இருக்கும். தீனியும் சரியாகத்தான் போட்டிருப்பார்கள். கோளாறு பெரும்பாலும் தொட்டியில் இருக்காது. வாசலில் தரைக்கடியில் மூடி போட்டு மூடியிருக்கிற தண்ணீர்த் தொட்டி இருக்கிறதே, அந்தச் சம்பில் இருக்கும்.

சென்னையில் ஒரு வீட்டுச் சம்புக்குள் என்னென்ன வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். ஒரு நாள் மெட்ரோ வாட்டர் (குடிநீர் வாரியத் தண்ணீர்). அது வராத நாளில் போர்வெல் தண்ணீர். ஏப்ரல், மே வந்துவிட்டால் லாரி. மெட்ரோ வாட்டரே புழல், செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீராக இருக்கலாம், வீராணத்திலிருந்து வந்ததாக இருக்கலாம், மீஞ்சூர், நெம்மேலி ஆலைகளில் கடல்நீரைக் குடிநீராக்கியதாகவும் இருக்கலாம். குளிக்கிற நமக்குச் சோப்பு கொஞ்சம் நுரைக்கும், கொஞ்சம் நுரைக்காது, அவ்வளவுதான் வித்தியாசம். மீனுக்கு அப்படியில்லை. தண்ணீரில் கரைந்திருக்கிற உப்புக்கும் தன் உடம்பிலுள்ள உப்புக்கும் இடையே அது செவுள் வழியாக விடாமல் கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. அந்தக் கணக்கை ஒரே மணி நேரத்தில் மாற்றினால் வளர்ந்த மீன் இரண்டு நாள் துடுப்பைச் சுருக்கிக்கொண்டு நின்று மீண்டுவிடும். 7 மில்லிமீட்டர் நீளமுள்ள குட்டி மீளாது.

"கப்பியா, அது சாக்கடையிலேயே வாழுமே" என்பார்கள். கொசுப்புழுவைத் தின்னட்டும் என்று கம்பூசியாவையும் கப்பியையும் கிணறுகளில் விடுவது நம் ஊரில் வெகு காலமாக நடக்கிறது. அப்படி விட்டவற்றில் தாங்காதவை செத்து, தாங்கியவை தலைமுறை தலைமுறையாகப் பெருகியதைத்தான் கால்வாயில் பார்க்கிறோம். கடையில் வாங்குகிற அகல வால் கப்பி வேறு. வாலுக்காகவும் நிறத்துக்காகவும் தேர்ந்து தேர்ந்து இனப்பெருக்கம் செய்யப்பட்ட மீன் அது, அந்த முரட்டுத்தனம் அதற்குக் கிடையாது. (டிரினிடாடிலிருந்து லண்டனிலுள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு இந்த மீனை 1866இல் அனுப்பிவைத்த ராபர்ட் ஜான் லெச்மியர் கப்பி என்பவரின் பெயர்தான் மீனுக்கு ஒட்டிக்கொண்டது. அவர் பார்த்தது வால் சிறுத்த ஓடை மீனை.)

எனவே, மீன் வாங்கும் முன்பே சில நூறு ரூபாய்க்கு ஒரு டி.டி.எஸ். மீட்டர் (தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பின் அளவைக் காட்டுவது) வாங்கிவிடுங்கள். மெட்ரோ வாட்டர் வந்த அன்று, போர் போட்ட அன்று, லாரி வந்த அன்று என்று மூன்று முறை சம்புத் தண்ணீரை அளந்து, எண்ணைத் தொட்டி மூடியிலேயே மார்க்கர் பேனாவால் எழுதிவையுங்கள். கப்பிக்கு 200 முதல் 800 வரை சுகமான தண்ணீர். மெதுவாகப் பழக்கினால் 1500ஐயும் தாங்கும். கடற்கரையோரம் கரிக்கிற போர் தண்ணீரில்கூட நன்றாகக் குட்டி போடுகிற கப்பிகள் உண்டு. எண் எவ்வளவு என்பதைவிட, அது நேற்றைய எண்ணிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதுதான் முக்கியம். தொட்டிக்கும் புதுத் தண்ணீருக்கும் வித்தியாசம் 150க்குள் இருந்தால் கால் தொட்டி மாற்றலாம். அதற்கு மேல் போனால் ஒரு நாளைக்குப் பத்தில் ஒரு பங்குதான். வித்தியாசம் 500, 600 என்று இருந்தால் அன்று மாற்றவே வேண்டாம். மெட்ரோ வாட்டர் வருகிற நாளில் 50 லிட்டர் டிரம் ஒன்றில் பிடித்துத் தனியாக மூடி வைத்துக்கொள்வதுதான் இதற்கெல்லாம் நிம்மதியான வழி. மூடி சரியாகப் பொருந்த வேண்டும், இல்லையென்றால் டிரம் கொசுப் பண்ணையாகிவிடும்.

வெயில் காலத்தில் தொட்டித் தண்ணீர் ஆவியாகக் குறையும். குறைந்த அளவுக்கு ஊற்றி நிரப்புவதையே தண்ணீர் மாற்றியதாகப் பலர் எண்ணிக்கொள்கிறார்கள். ஆவியாகிறது வெறும் தண்ணீர் மட்டும். உப்பு முழுக்கத் தொட்டியிலேயே நிற்கிறது. இரண்டு மாதம் இப்படி ஊற்றிக்கொண்டே வந்த தொட்டியில் மீட்டரை வைத்தால் 600 இருந்த இடத்தில் 1200 காட்டும். அந்தத் தொட்டி மீன்கள் பழகிப்போய் நன்றாகவே இருக்கும், புதிதாக வாங்கிவந்து விடுகிற மீன் மட்டும் மறுநாள் செத்துப்போகும். கடைக்காரர்மேல் பழி விழும்.

அபார்ட்மெண்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு கண்ணி இருக்கிறது: தண்ணீரின் கடினத்தன்மையைப் போக்கும் சாஃப்ட்னர். பல குடியிருப்புகளில் போர் தண்ணீரைச் சாஃப்ட்னர் வழியாகத்தான் மேல் தொட்டிக்கு ஏற்றுகிறார்கள். அது கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு அதற்கு ஈடாகச் சோடியத்தை விடுகிறது. ஆகவே டி.டி.எஸ். அப்படியேதான் காட்டும், மீட்டர் இங்கே உதவாது. கப்பி கடினத் தண்ணீர் மீன். கால்சியமும் மக்னீசியமும் இல்லாவிட்டால் நகராமல் ஒரே இடத்தில் நின்று உடம்பை இடமும் வலமும் நெளிக்கும். நோயென்று நினைத்து மருந்து ஊற்றுவார்கள், மருந்தால் தீராது. கிளிஞ்சல் போட்டாலும் பெரிதாகப் பலனிருக்காது, ஏனென்றால் சாஃப்ட்னர் தண்ணீர் ஏற்கெனவே காரத்தன்மையோடு இருப்பதால் கிளிஞ்சல் அதில் லேசில் கரையாது. சாஃப்ட்னருக்கு முன்னால் உள்ள குழாயில் இரண்டு குடம் பிடித்துக் கலப்பதுதான் சரியான தீர்வு. பாதிக்குப் பாதியில் தொடங்கலாம், ஆனால் சில நாட்களில் படிப்படியாக. அதேபோல 20 லிட்டர் கேன் தண்ணீர் "சுத்தமானது" என்று ஊற்றுவதும் தவறு. அதில் தாது மிகக் குறைவு.

தண்ணீரில் கலக்கிற குளோரின் மீனைக் கொல்லும் என்பது பலருக்கும் தெரிந்ததுதான். மெட்ரோ வாட்டரையும் லாரித் தண்ணீரையும் அகன்ற வாளியில் ஏர் ஸ்டோன் (காற்றைக் குமிழிகளாக விடுகிற கல்) போட்டு ஒரு நாள் வைத்தால் போய்விடும். அவசரத்துக்குச் சோடியம் தயோசல்பேட் படிகம், மீன் கடைகளில் ஆன்டி குளோரின் என்று கேட்டால் கொடுப்பார்கள். 10 கிராம் படிகத்தை 100 மி.லி. தண்ணீரில் கரைத்துப் பாட்டிலில் வைத்துக்கொள்ளுங்கள். 10 லிட்டருக்கு 1 மி.லி. போதும், குழாயைத் திறந்ததுமே பிளீச்சிங் வாடை அடிக்கிற நாளில் 2 மி.லி. குடியிருப்பில் சம்பு கழுவிப் பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தால் மூன்று நாளைக்கு அந்தத் தண்ணீரைத் தொடாதீர்கள்.

போர் தண்ணீரில் குளோரின் இல்லை என்று நேரே பிடித்து ஊற்றுவதும் ஆபத்து. நிலத்துக்கடியிலிருந்து வருகிற தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவாகவும் கரியமில வாயு அதிகமாகவும் இருக்கும். ஒரு ராத்திரி காற்று ஓடவிட்டால் வாயு வெளியேறிப் பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) நிலைக்கு வரும், இரும்பிருந்தால் பழுப்பாக அடியில் படியும். மேலாகத் தெளிவதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

மே மாதத்தில் மதியம் இரண்டு மணிக்கு மொட்டைமாடி பிளாஸ்டிக் டேங்க் தண்ணீரில் கை வைத்துப் பார்த்தால் தெரியும் அது மீனுக்கானதா என்று. கத்திரி முடிகிறவரை தண்ணீர் மாற்றுவது காலை ஆறு மணி வேலை.

இனித் தொட்டி. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். ஏறத்தாழ 50 லிட்டர் பிடிக்கும். 3 ஆண், 6 பெண் தாராளமாக வாழலாம். ஆண்கள் நாள் முழுக்கப் பெண்களை விரட்டிக்கொண்டே இருக்கும் என்பதால் ஒரு ஆணுக்கு இரண்டு பெண்ணாவது வேண்டும். சமமாக விட்டால் பெண்கள் துவண்டு, சீக்கிரம் சாகும். ஃபில்டருக்கு ஸ்பாஞ்ச் ஃபில்டரைவிடச் சிறந்தது கப்பிக்கு இல்லை. குட்டியை உறிஞ்சாது, நல்ல பாக்டீரியா அதில் குடியேறும், குட்டிகள் அதன் மேற்பரப்பில் ஒட்டியிருப்பதைக் கொத்தித் தின்னும். மோட்டார் வைத்த பவர் ஃபில்டர் வைத்திருப்பவர்கள் உறிஞ்சு வாயில் ஸ்பாஞ்ச் துண்டு மாட்டியே ஆக வேண்டும்.

இரண்டு ஸ்பாஞ்ச் வாங்குங்கள். இரண்டையும் பெரிய தொட்டியிலேயே ஓடவிடுங்கள். எதற்கு இரண்டாவது என்று தோன்றும். குட்டி பிறக்கும்போது அதன் அருமை தெரியும். மீனின் கழிவிலிருந்து வருகிற அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியாக்கள் ஒரு புது ஸ்பாஞ்சில் நிலைகொள்ள நாலிலிருந்து ஆறு வாரமாகும். குட்டிகளைப் புதுத் தொட்டியில், புது ஃபில்டரோடு விடுவது என்றால் அந்த வாரங்கள் முழுக்க அம்மோனியாவில் விடுவதாகத்தான் அர்த்தம். நம் ஊர்த் தண்ணீரில் இது இரட்டிப்புக் கொடுமை: 28 டிகிரியில் பி.எச். 7 இருக்கும்போது உள்ள நச்சு அம்மோனியாவைப் போலக் கிட்டத்தட்ட 10 மடங்கு, பி.எச். 8இல் இருக்கும். போர் தண்ணீர் பெரும்பாலும் 8க்குப் பக்கம்தான். பிரித்து வைத்த குட்டிகள் நாளுக்கு இரண்டு மூன்றாகக் குறைவதற்கு, சம்பைத் தவிர இன்னொரு காரணம் இது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிற இரண்டாவது ஸ்பாஞ்சைத் தூக்கிக் குட்டித் தொட்டியில் வைத்தால் முதல் நாளிலிருந்தே பாக்டீரியா வேலை செய்யும்.

ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழியக் கூடாது. குளோரின் பட்டு அத்தனை பாக்டீரியாவும் போய்விடும். மாற்றுவதற்காக வெளியே எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே நாலு முறை பிழிந்து திரும்ப வைத்தால் போதும். ஏர் பம்ப்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஓர் ஆணியில் மாட்டுங்கள், இல்லாவிட்டால் கரண்ட் போகும்போது தண்ணீர் குழாய் வழியாகப் பின்னோக்கி வந்து பம்ப்பைக் கெடுக்கும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் பம்ப்பை அதில் கொடுத்துவிடுங்கள். அது இழுக்கிற மின்சாரம் ஒரு சிறிய பல்பு அளவுகூட இல்லை.

மாடியில் சிமெண்ட் தொட்டி கட்டுகிறவர்கள் அவசரப்பட வேண்டாம். புதுச் சிமெண்ட் சுண்ணாம்பைக் கக்கும். வாழைத்தண்டை வெட்டிப் போட்டுத் தண்ணீர் நிரப்பி ஒரு வாரம் ஊறவைத்து வடித்து, மறுபடி நிரப்பி வடித்து, இப்படி மூன்று வாரமாவது பழக்கிய பிறகுதான் மீன் விடுவது பண்ணைக்காரர்களின் வழக்கம்.

வண்ண மீன் கடைகள் நிறைந்த கொளத்தூரிலோ வேறெங்கோ வாங்கும்போது, மீனைப் பார்ப்பதற்கு முன் அது இருக்கிற தொட்டியைப் பாருங்கள். ஒரு மீன் செத்துக் கிடந்தாலும், ஒரு மீன் துடுப்பை ஒடுக்கி நின்றாலும் அந்தத் தொட்டியில் வாங்காதீர்கள். வண்டியில் கொண்டுவரும்போது கவரை வெறுமனே ஹேண்டில்பாரில் தொங்கவிடாமல் செய்தித்தாளில் சுற்றிப் பைக்குள் வையுங்கள். வெயிலும் ஆட்டமும் குறையும். வீட்டில் கவரை 20 நிமிடம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்தி, பிறகு மீனை அதே தண்ணீரோடு ஒரு டப்பில் விட்டு, ஏர் டியூபில் தளர்வாக ஒரு முடிச்சுப் போட்டுச் சொட்டுச் சொட்டாக வீட்டுத் தண்ணீரை இறக்குங்கள். ஒரு மணி நேரத்தில் டப்பின் அளவு மூன்று மடங்கானால் போதும். கடைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம். பார்சலில் ஒரு நாளுக்கு மேல் பயணப்பட்டு வந்த மீனுக்கு மட்டும் இந்த முறை சரிப்படாது. அடைத்த கவரில் அம்மோனியா சேர்ந்திருக்கும். திறந்ததும் கரியமில வாயு வெளியேறிப் பி.எச். ஏறி அந்த அம்மோனியா நஞ்சாகும். அப்படி வந்ததை வெப்பம் சமமானதும் வலையில் எடுத்து, நெருங்கிய டி.டி.எஸ். உள்ள புதுத் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். எப்படி வந்தாலும் முதல் மூன்று வாரம் தனி டப்பில்தான்.

கடையில் வாங்குகிற வளர்ந்த பெண் கப்பி அநேகமாகச் சினையாகத்தான் இருக்கும். ஒருமுறை சேர்ந்த விந்தை மாதக்கணக்கில் உடம்பில் வைத்திருந்து, ஆண் இல்லாமலேயே பல ஈடு குட்டி போடும். ஒரு ஈட்டுக்கும் அடுத்ததற்கும் 24 முதல் 30 நாள் இடைவெளி. தண்ணீர் சூடாக இருந்தால் இன்னும் குறையும். முதல் ஈட்டில் பத்துப் பதினைந்து, வளர்ந்த தாய் 30 முதல் 60 வரை. முதல் ஈடு போட்ட தேதியை நாட்காட்டியில் குறித்துவிட்டால் அடுத்ததை ஓரிரு நாள் முன்னே பின்னே சொல்லிவிடலாம்.

நாள் நெருங்கியதைத் தாயே காட்டும். அடித்துடுப்புக்கு முன்னால் உள்ள கரும்புள்ளி பெரிதாகி இருளும். வெளிர்நிறத் தாயாக இருந்தால் அந்தக் கருமைக்குள் கடுகுக்கும் சிறிய கண்கள் ஜோடி ஜோடியாகத் தெரியும். வயிறு உருண்டையாக இருந்தது மாறி, மார்புப் பக்கம் செங்குத்தாக இறங்கிப் பெட்டி மாதிரிச் சதுரமாகும். தீனிக்கு வராமல் மூலையில் நின்று வேகவேகமாக மூச்சுவிட்டால் இன்றோ நாளையோதான்.

ஆனால் அந்த நேரத்தில் வலையைப் போட்டுப் பிடிக்காதீர்கள். கடைசி நிமிட மிரட்சியில் குறைப் பிரசவம் ஆகும். மஞ்சள் கரு ஒட்டிய குட்டிகள் நீந்த முடியாமல் அடியில் கிடக்கும். சதுரம் தட்டும் முன், அதாவது எதிர்பார்க்கிற நாளுக்கு ஒரு வாரம் முன்பே இடம் மாற்றிவிட வேண்டும். கடையில் விற்கிற உள்ளங்கை அகலப் பிளாஸ்டிக் பிரசவப் பெட்டியை நாங்கள் சிபாரிசு செய்வதில்லை. தாய் திரும்பவே இடமிருக்காது, தண்ணீரும் ஓடாது. அதைவிட, காய்கறிக் கழுவுகிற பிளாஸ்டிக் கூடை மேல். 5 மில்லிமீட்டர் ஓட்டைகள் உள்ள, ஓரடி அகலமுள்ள கூடையாகப் பாருங்கள். 40 லிட்டர் டப்பில் முக்கால் பங்கு நிரப்பி, கூடையை விளிம்பில் இரண்டு குச்சி கட்டித் தொங்கவிடுங்கள். கூடைக்கு அடியில் ஒரு கை அகல உயரத்துக்காவது தண்ணீர் இருக்க வேண்டும். டப்புத் தண்ணீரில் பாதி தாய் இருந்த தொட்டியிலிருந்து எடுத்தது. இரண்டாவது ஸ்பாஞ்ச் கூடைக்கு வெளியே. கூடைக்குள் ஒரு பிடி ஹார்ன்வோர்ட், வெளியே இரண்டு பிடி ஜாவா பாசி. செடியை வாங்கியதும் வாளியில் ஒரு வாரம் ஊறவைத்துப் பிறகு பயன்படுத்துங்கள், நத்தையும் பூச்சியும் அதோடுதான் வரும்.

பிரசவத்தைப் பார்க்கக் கிடைத்தால் பாருங்கள். குட்டி சுருண்ட உருண்டையாக வெளியே விழும். ஒரு கணம் அது உயிருள்ளதென்றே தோன்றாது. விழுந்துகொண்டே விரியும், வால் ஒருமுறை சொடுக்கும், கூடை ஓட்டைக்குள் நழுவி அடியிலுள்ள பாசிக்குள் போய் அசையாமல் நின்றுவிடும். கண்ணும் முதுகெலும்பும் மட்டும் தெரிகிற ஒரு கண்ணாடி ஊசி. தாய் திரும்பிப் பார்க்கும் முன் அந்த ஓட்டை கிடைத்தால் பிழைத்தது. கப்பி கண்ணால் பார்த்துத்தான் வேட்டையாடும் என்பதால் அறை விளக்கை அணைத்து, டப்பின் மேல் துணி போட்டு வைத்தால் தின்பது வெகுவாகக் குறையும். முந்தின நாள் தாய்க்கு வயிறார மொய்னா (மீன் தீனியாகும் நுண்ணிய நீர்ப்பூச்சி) கொடுத்திருந்தால் இன்னும் நல்லது. பிரசவம் சில மணி நேரம் நீளும், இடையில் நின்று தொடரவும் செய்யும். வயிறு ஒட்டி, தாய் சாதாரணமாகத் தீனி தேடத் தொடங்கியதும் கூடையோடு தூக்கிவிடலாம். தாயை நேரே ஆண்களிடம் விடாமல் இரண்டு நாள் தனியே ஓய்வு கொடுங்கள்.

தனி டப்புக்கு வசதியில்லை என்றால், பெரிய தொட்டியின் மூன்றில் ஒரு பங்கு இடத்தைச் செடியால் அடர்த்தியாக நிரப்புங்கள். எல்லாம் பிழைக்காது, ஒவ்வொரு ஈட்டிலும் கொஞ்சம் பிழைக்கும். எல்லாக் குட்டிகளும் பிழைத்தால் அத்தனைக்கும் இடம் எங்கே என்று கேட்டுக்கொள்பவர்களுக்கு இந்த வழிதான் பொருத்தம்.

முதல் பத்து நாள் தீனிதான் மீனின் அளவைத் தீர்மானிக்கிறது. அவித்த முட்டை மஞ்சள் கருவைக் கரைத்து ஊற்றச் சொல்வார்கள், வேண்டாம். தின்றது போக மீதி அரை மணியில் அழுகத் தொடங்கும், நம் ஊர் வெப்பத்தில் அது குட்டித் தொட்டியைச் சாய்த்துவிடும். ஆர்டீமியா என்ற நுண்ணிய உப்புநீர் இறாலின் முட்டையைப் பொரித்துக் கொடுப்பதற்கு ஈடு எதுவுமில்லை. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் அடியை வெட்டித் தலைகீழாக நிறுத்தி, மூடி வழியாக ஏர் டியூபைச் செருகுங்கள். முக்கால் லிட்டர் தண்ணீர், 20 கிராம் கல்லுப்பு, கால் டீஸ்பூன் ஆர்டீமியா முட்டை. குமிழி கொதிக்கிற மாதிரி ஓட வேண்டும், முட்டை அடியில் தங்கக் கூடாது. சென்னை வெப்பத்தில் 20 முதல் 24 மணி நேரத்தில் தண்ணீர் ஆரஞ்சு நிறமாகும். காற்றை நிறுத்தி, பாட்டிலின் அடிப்பக்கம் ஒரு டார்ச்சை வையுங்கள். ஓடுகள் மேலே மிதக்கும், பொரித்த குஞ்சுகள் வெளிச்சத்துக்குக் கீழே கூடும். டியூபால் அடியிலிருந்து உறிஞ்சி, நெருக்கமான பருத்தித் துணியில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசிக் கொடுங்கள். ஓட்டைத் தின்றால் குட்டிக்குக் குடல் அடைக்கும், அதனால் மேல் தண்ணீரை எடுக்காதீர்கள். பொரித்த ஆறேழு மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் அதன் சத்து முழுதாகக் கிடைக்கும். குட்டியின் வயிறு ஆரஞ்சுப் பொட்டாக உப்பியிருப்பது கண்ணுக்குத் தெரியும். அந்தப் பொட்டு மறைந்ததும் அடுத்த வேளை. ஒரு நாளைக்கு நான்கு வேளை. வேலைக்குப் போகிறவர்கள் காலை இரண்டு, மாலை இரண்டு என்று பிரித்துக்கொள்ளலாம்.

மொய்னா இரண்டாவது நல்ல தீனி, வடிகட்டிச் சிறியதைக் குட்டிக்கும் பெரியதைத் தாய்க்கும் கொடுக்கலாம். டியூபிஃபெக்ஸ் புழு கழிவுநீரில் எடுப்பது. எவ்வளவு அலசினாலும் அதன் குடலுக்குள் இருப்பது போகாது. குட்டிகளுக்கு வேண்டவே வேண்டாம். கொசுப்புழு அருமையான தீனிதான், ஆனால் அதற்கென்று திறந்த வாளியில் தண்ணீர் வைக்காதீர்கள். டெங்கு கொசு ஒரு வாரம் பத்து நாளில் புழுவிலிருந்து பறக்கிற நிலைக்கு வந்துவிடும். ஒரு வாளியை மறந்தால் தெருவே பாடுபடும்.

40 லிட்டர் டப்பில் முதல் மூன்று வாரத்துக்கு 40 குட்டி. அதற்கு மேல் நெருக்கினால் சாகாது, வளராது. தினமும் 4 லிட்டர் மாற்றுங்கள். ஏர் டியூபாலேயே அடியிலுள்ள கழிவை உறிஞ்சி வெள்ளை வாளியில் விடுங்கள். எப்படிப் பார்த்துச் செய்தாலும் ஒன்றிரண்டு குட்டி அதோடு போகும், வெள்ளை வாளியில்தான் கண்ணுக்குப் படும். புதுத் தண்ணீரை ஊற்றாமல் முடிச்சுப் போட்ட டியூபில் அரை மணி நேரம் சொட்டவிடுங்கள். இந்த ஒரு பழக்கம் காப்பாற்றுகிற குட்டிகள் ஏராளம்.

மூன்றாம் வாரத்தில் லென்ஸ் வைத்து அடித்துடுப்பைப் பாருங்கள். பெண்ணுக்கு விசிறி மாதிரி விரிந்திருக்கும், அருகே கரும்புள்ளி தெரியும். ஆணுக்கு அந்தத் துடுப்பு கூம்பிக் குச்சி போல நீளத் தொடங்கும். நாலு வாரம் முடிவதற்குள் பிரித்துவிட்டால்தான் எந்த ஆண் எந்தப் பெண்ணோடு என்பது உங்கள் கையில் இருக்கும். அண்ணன் தங்கைகளையே சேர்த்து வைத்துக்கொண்டே போனால் நாலைந்து தலைமுறையில் வால் சிறுத்து, முதுகு வளைந்து, ஈட்டின் எண்ணிக்கை குறைந்துவிடும். அதே வகைக் கப்பியில் வேறிடத்து ஆணை அவ்வப்போது கொண்டுவாருங்கள்.

வெயிலைப் பற்றி. 24 முதல் 28 டிகிரி வரை கப்பிக்குப் பிடித்தது. மே மாதத்தில் வீட்டுக்குள்ளேயே தொட்டி 32ஐத் தாண்டும். சூடு ஏற ஏற மீனுக்கு ஆக்ஸிஜன் கூடுதலாகத் தேவை, தண்ணீரில் கரைவதோ குறைவு. மீன்கள் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்து நின்றால் அதுதான். மூடியைக் கழற்றிக் கொசுவலைத் துணி கட்டி, நீர்ப்பரப்பின் மேல் சிறிய மின்விசிறியைத் திருப்பினால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஈரப்பதம் ஏறிய நாளில் அவ்வளவு இறங்காது. அப்போது அரை லிட்டர் பாட்டிலில் உறையவைத்த ஐஸை மிதக்கவிடலாம், ஒரு நேரத்தில் ஒரு பாட்டில்தான். மூன்று மணி நேரத்தில் மெதுவாக இறங்குவது நல்லது, பத்து நிமிடத்தில் இறங்குவது கெடுதல். கத்திரி நாட்களில் தீனியைப் பாதியாக்குங்கள்.

நவம்பர், டிசம்பர் மழையில் தண்ணீர் சட்டெனக் குளிரும்போது உடம்பில் ரவை தூவினது போல வெள்ளைப்புள்ளி வரும். வெப்பத்தை நாளுக்கு ஒரு டிகிரியாக 30க்கு ஏற்றி, லிட்டருக்கு 3 கிராம் கல்லுப்பை இரண்டு நாளில் மூன்று பங்காகக் கரைத்துச் சேர்த்தால் பெரும்பாலும் பத்து நாளில் விட்டுவிடும். 50 லிட்டருக்கு 150 கிராம். செடிகளை முதலில் எடுத்துவிடுங்கள். வாயில் பஞ்சு போலவும் முதுகில் சேணம் போட்டது போலவும் வெளுத்தால் அது வேறு, காளான் அல்ல, காலம்னாரிஸ் என்ற பாக்டீரியா. இதற்கு வெப்பத்தை ஏற்றினால் ஒரே நாளில் தொட்டி காலியாகும், இறக்கத்தான் வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால் போகிற மீன்கள்தான் எத்தனை. மலவாயில் சிவப்பு நூல் துருத்திக்கொண்டு, மீன் அசையாமல் நிற்கும்போது நன்றாகத் தெரிந்தால் அது கமலானஸ் புழு. உப்புக்கு அது மசியாது, லெவாமிசோல் என்ற பூச்சி மருந்து தேவைப்படும். அளவைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். 3 வாரத்தில் மறு தவணை கொடுக்கத் தவறாதீர்கள். நன்றாகத் தின்றும் வயிறு ஒட்டி, முதுகு கூனி இளைக்கிற மீனை உடனே பிரித்துவிடுங்கள். காசநோய் வகைப் பாக்டீரியாவாக இருக்கலாம், கையில் வெட்டுக்காயம் இருந்தால் நமக்கும் தோலில் தொற்றும். தொட்டி வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தெருவோரம் உதிர்கிற நாட்டு வாதாம் மரத்தின் காய்ந்த செம்பழுப்பு இலை 50 லிட்டருக்கு ஒன்று போட்டு வைப்பது நல்ல பழக்கம். துடுப்புக் கிழிசல்கள் ஆற உதவும். தூசி, மருந்து படாத இடத்து இலையாகப் பார்த்து அலசிப் போடுங்கள்.

ஆறு மாதத்தில் குட்டிகள் இடத்தை மீறும். ஏரியிலோ கிணற்றிலோ கால்வாயிலோ விடாதீர்கள். கப்பி எங்கே போனாலும் பெருகும், அங்கிருக்கிற நம் ஊர்ச் சிறு மீன்களின் முட்டையையும் தீனியையும் பறிக்கும். தெரிந்தவர்களுக்குக் கொடுங்கள். கொடுப்பதற்கு முந்தின நாள் தீனி நிறுத்தி, கவரில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி காற்று என்று கட்டி, மார்க்கர் பேனாவால் மேலே எழுதிக் கொடுங்கள்: "போர் தண்ணீர், டி.டி.எஸ். 850, பிறந்து 7 வாரம்."